ஒரு தட்டு அக்ரூட்

தாக்ஸ்னா சொன்னே? இப்ப அந்தச் சுங்கச் சாவடிக்காரன் "எங்க போறீங்க"ன்னு கேட்டானே, அவன்கிட்ட தாக்ஸ்னுதானேம்மா சொன்னே? பிரான்சுல, பொர்தோவுக்குத் தெக்கால, வெந்நீர் ஊத்து இருக்குமே, அந்தத் தாக்ஸா? அட மாதாவே!

உக்காரும்மா, உக்காரு. பஸ் இப்போதைக்கு நகராது. காரைக்கால் எல்லையைத் தாண்டிட்டோம்னா போதும், இவனுங்களுக்கு நாம எல்லாரும் கள்ளக்கடத்தல்காரங்க. ஒவ்வொரு பெட்டியாத் திறந்து சென்ட் பாட்டில் இருக்கா, பிராந்தி இருக்கான்னு மோந்து பார்க்காம விட மாட்டானுங்க. வெயில் இறங்குறதுக்குள்ள சிதம்பரம் போய்ச் சேந்தா உன் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டம்.

நீ வா போன்னு பேசுறேன்னு தப்பா நினைச்சுக்காதே. புதுச்சேரியில கட்டிக் கொடுத்திருக்கேனே, எம் மூத்த பொண்ணு, அவளுக்கு உன் வயசுதான் இருக்கும். அவ வீட்டுக்குத்தான் போறேன். இந்த டப்பா அவளுக்குத்தான். முந்திரிப் பருப்பு, நெய்யில வறுத்தது. வெறுங்கையோட ஒரு வீட்டுப் படி ஏறுற பழக்கம் எனக்குக் கிடையாது. பெத்த மக வீடாவே இருக்கட்டும், கிடையாதுன்னா கிடையாது. அந்தப் பழக்கத்தால நான் பட்டது இருக்கே, அதைத்தான் இப்ப உங்கிட்ட சொல்லப் போறேன், கேளு.

உன் வீட்டுக்காரர் அங்க ஆஸ்பத்திரியிலயா? நல்ல உத்தியோகம். அப்ப அந்தப் பக்கத்துக் கிராமத்து சனங்களெல்லாம் அவருக்குப் பழக்கமா இருக்கும். கஸ்தேலான்னு ஒரு ஊரு. தாக்ஸ்லேருந்து மாட்டு வண்டியில காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாம். இப்ப பஸ்ஸே போகும்னு சொல்றாங்க. அந்தக் கஸ்தேலாவுலதாம்மா நான் குடியானவனா இருந்தேன். ஏன் சிரிக்கிறே? இந்தக் கறுப்பு மூஞ்சியை வச்சுக்கிட்டு பிரான்சு தேசத்துல ஏர் ஓட்டினவன் நான். சத்தியமாச் சொல்றேன்.

நான் சொல்தாம்மா, பிரஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். முத சண்டைக்குப் போனவன். துப்பாக்கி தூக்கினது கொஞ்சம், கோவேறு கழுதை ஓட்டினதுதான் நெறைய. பீரங்கிக்குக் குண்டு ஏத்திக்கிட்டுப் போகணும், சேத்துல, இருட்டுல. அந்த வண்டியில எனக்குச் சோடி பிர்மேன். கஸ்தேலாக்காரன். நெட்டையா, மூக்கு இவ்வளவு நீளம் இருக்கும். எம் பேரு தைரியநாதன். அவன் வாயில நுழையாம தெரி, தெரின்னே கூப்பிடுவான். மத்த வெள்ளைக்காரனுங்க கழுதையை அடிச்சு ஓட்டுவானுங்க. இவன் அது காதுல ஏதோ பேசுவான். நானும் எங்க வீட்டு மாட்டுக்கிட்ட அப்படித்தான் பேசுவேன். அதுல ஒட்டிக்கிட்டதுதான் ரெண்டு பேரும். அவன் அண்ணன் சண்டையில செத்துப்போனான்னு சேதி வந்தன்னிக்கு எந் தோள்லதான் சாய்ஞ்சு அழுதான். மேல்துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு.

சண்டை முடிஞ்சப்ப "ஊருக்குப் போய் என்ன பண்ணப்போறே, எங்கூட வா"ன்னான். எனக்கும் இங்க யாரு இருக்கா? ஆயி அப்பன் போயாச்சு. நிலத்தைப் பங்காளி எழுதி வாங்கிக்கிட்டான். சரின்னு போயிட்டேன்.

அங்க எப்படின்னா, அவங்கிட்ட நிலம் இருக்கு, மாடு ஒண்ணுதான் மிச்சம். சோடி மாட்டைப் பட்டாளத்துக்குன்னு பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. நான் எங்கையில இருந்ததை வச்சு ஒரு மாடு வாங்கினேன். செவலை. ஆனா நான் கருப்பன்னு பேரு வச்சேன். எம் மாடு, எம் பேரு, எவன் கேக்குறது? அவன் மாட்டுக்கு மார்தேன்னு பேரு. மார்தேன் இடத்து மாடு, கருப்பன் வலத்து மாடு. ரெண்டு பேரு, ரெண்டு மாடு, ஒரு ஏர். அவன் வீட்டுக்குப் பக்கத்துலயே சும்மா கிடந்த ஒரு வீட்டைக் கூரை சரி பண்ணிக் கொடுத்தான்.

நம்ம ஊர் மாதிரி கழுத்துல நுகத்தடி வைக்கிறதில்லம்மா அங்க. அந்த மாட்டுக்குத் திமில் ஏது? கட்டையைத் தலைமேல வச்சு கொம்போட சேத்து வாரால இறுக்கிக் கட்டிப்புடுவாங்க. நெத்திக்கு ஆட்டுத்தோலு. ரெண்டும் தலையைத் திருப்ப முடியாது. ஒண்ணு பார்க்கிற பக்கந்தான் இன்னொண்ணும் பார்க்கணும். முதல்ல பார்த்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. "டேய் பாவிங்களா"ன்னு தமிழ்லயே திட்டினேன். அப்புறம் பார்த்தா, அவுத்து விட்டாலும் ரெண்டும் ஒட்டிக்கிட்டே நிக்கும். கொட்டில்ல இடத்து மாடு இடது பக்கம், வலத்து மாடு வலது பக்கம். மாத்திக் கட்டினா தண்ணிகூடக் குடிக்காது.

அந்த வீட்டுல பிர்மேனோட ஆயி இருந்துச்சு. பேச்சே கிடையாது, கறுப்புத் துணி, கையில செபமாலை. அப்புறம் அவன் தங்கச்சி லியோனி.

லியோனியைப் பத்தி என்ன சொல்றது? பெரிசா ஒண்ணும் இல்ல. நான் அதிகமாக் கவனிச்சதும் இல்ல. கட்டைச் செருப்புப் போட்டுக்கிட்டு டொக்கு டொக்குன்னு நடப்பா. இடது செருப்புல ஒரு விரிசல், அதனால ரெண்டு சத்தமும் ஒண்ணா இருக்காது. வாத்துக்குத் தீனி வைக்கிறப்ப பாடுவா. புருவத்துக்கு மேல சின்னதா ஒரு தழும்பு. அவ்வளவுதான்.

ஆனா வாய் இருக்கே, அந்த வாய்! எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பா. உங்க ஊர்ல பனி பெய்யுமா? சோறு எப்படி வடிப்பீங்க? ஒரு நாள் எனக்காகத் தாக்ஸ்லேருந்து அரிசி வாங்கிட்டு வரச் சொல்லி, பாலை ஊத்திக் கிண்டி, களி மாதிரி கொண்டாந்து வச்சா. நான் வாயில வச்சுட்டு, "இதை மாட்டுக்குப் போடு"ன்னேன். தமாஷுக்குத்தான் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. மறு ஞாயித்துக்கிழமை மறுபடியும் அரிசி. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமையும் அரிசி. கடைசியில நானே அடுப்புக்கிட்ட நின்னு வடிச்சுக் காட்டினேன். எனக்குக் காலுறை பின்னிக் கொடுத்தா, கம்பளியில. பிர்மேனுக்கு ஒரு சோடின்னா எனக்கும் ஒரு சோடி. நல்ல சனங்கதாம்மா. அதை நான் மறுக்கல. மறுக்கவே மாட்டேன்.

ஒரு நாள் மக்காச்சோளம் உரிச்சுக்கிட்டிருக்கோம். அங்க அறுவடை ஆனா அக்கம்பக்கத்து சனமெல்லாம் ஒரு கொட்டகையில கூடி உக்காந்து உரிப்பாங்க. அவ எம் பக்கத்துல. மெதுவா, "உங்க ஊர்ல ஒரு பொண்ணை எப்படிக் கேப்பாங்க?"ன்னா. எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. வயசுப் பொண்ணுகிட்ட உக்காந்து பேசுற பேச்சா இது? "அதெல்லாம் பெரியவங்க பார்த்துப்பாங்க"ன்னு சொல்லிட்டு சோளத்தை உரிச்சேன். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டிருப்பா. அவளுக்கு எல்லாமே தெரிஞ்சுக்கணும்.

அந்த வருஷந்தான், அதே உரிப்பு நடந்த சமயம், அனத்தோல்னு ஒருத்தன் அவளைப் பொண்ணு கேட்டு வந்தான். கட்டைச் செருப்பு செய்யுறவன் மகன். எண்ணெய் தடவி வகிடெடுத்து, ரெண்டு சிநேகிதனுங்களைக் கூட்டிக்கிட்டு ராச்சாப்பாட்டுக்கு வந்தான். அங்க அப்படித்தான் வழக்கமாம். நானும் மேசையில இருந்தேன். முட்டைக்கோசு சூப்பு, வாத்துக்கறி, வைனு. எனக்கு ஒரு வாய் இறங்கல. ஏன்னு கேக்காதே, வயிறு சரியில்ல. கல்யாணப் பேச்சை யாருமே எடுக்கல. மாட்டைப் பத்தி, மழையைப் பத்தி, இன்னும் எதை எதையோ பேசுறாங்க. அதுவும் அவங்க ஊர்ப் பாஷையில. பிரஞ்சே இல்ல அது, எனக்குப் பாதி புரியாது. கடைசியில ஆயி எழுந்து போயி ஒரு தட்டு நிறைய அக்ரூட் கொண்டாந்து அந்தப் பய முன்னால வச்சுது. அக்ரூட் தெரியுமில்ல? ஓடு உடைச்சா உள்ள மடிப்பு மடிப்பா இருக்குமே, அது.

அவ்வளவுதான். அனத்தோல் மூஞ்சி தொங்கிப்போச்சு. ஒரே ஒரு கொட்டையைக்கூடத் தொடலம்மா அவன். தொப்பியை எடுத்துக்கிட்டான், சிநேகிதனுங்களும் எழுந்துட்டானுங்க, விறுவிறுன்னு போயிட்டானுங்க. சம்பந்தம் முறிஞ்சுபோச்சு. மறுநாள் ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்குது.

நான் அன்னிக்கே கணக்குப் போட்டுட்டேன். ஓகோ, இங்கயும் நம்ம ஊர் மாதிரிதான்! நம்ம ஊர்ல என்ன பண்றோம்? வெத்தலை பாக்கு வச்சுத் தட்டை நீட்டுறோம். எடுத்துக்கிட்டா நிச்சயம் ஆன மாதிரி. தொடாம எழுந்து போனா மூஞ்சியில துப்பின மாதிரி. வெத்தலை பாக்குக்கு அங்க எங்க போறது? அதனால கொட்டை வைக்கிறாங்க. அந்த ஆயி மரியாதையாத் தட்டை வச்சுது. இந்தப் பரதேசிப் பய தொடாமப் போனான். வரதட்சணை போதலையோ என்னவோ. நல்லாத்தான் வேணும்னு நினைச்சேன். அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். வயிறும் சரியாயிடுச்சு.

யார்கிட்டயாச்சும் கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுதானேன்னு பார்க்கிறியா? எதுக்கும்மா கேக்கணும்? கண்ணு இருக்கு, பார்த்தேன். நான் என்ன சின்னப் புள்ளையா?

அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் போயிருக்கும். பிர்மேனும் நானும் ஏர் ஓட்டிட்டு வர்றோம். மாட்டை அவுத்துக்கிட்டே சொன்னான்: "தெரி, ஞாயித்துக்கிழமை ஆயி வாத்து அறுக்குது. லியோனி நீலப் பாவாடையைத் தோய்ச்சுக் காயப் போட்டிருக்கா. உனக்கு ஏதாச்சும் கேக்கணும்னா, அன்னிக்குக் கேளு." அப்படிச் சொல்லிட்டு என் முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சான்.

எனக்குத் தலைகால் புரியலம்மா. சரி, மறைச்சு என்ன ஆகப்போகுது? எனக்கு அவமேல ஆசை இருந்துச்சு. கட்டைச் செருப்புச் சத்தம் கேட்டா ஏர் கோணலாப் போயிடும். ஆனா நான் எங்க, அவ எங்க? அவங்க வெள்ளை, நான் கறுப்பு. அண்ணன்காரனே வாயைத் திறந்து வான்னு சொன்னப்புறம் வேற என்ன வேணும்?

அந்த வாரம் பூரா அக்ரூட் பொறுக்கினேன். அவங்க மரத்துல இல்ல, தெரிஞ்சுக்கோ. பொண்ணு வீட்டு மரத்துலயே பொறுக்கி அவங்களுக்கே கொடுக்கிற ஈனப் புத்தி எனக்குக் கிடையாது. ஆத்தங்கரையில கேட்பாரில்லாத மரம் ஒண்ணு நின்னுச்சு, அங்க. சொத்தை பார்த்துத் தள்ளி, ஒவ்வொண்ணாச் சாம்பல் போட்டுத் தேய்ச்சு, துணியால துடைச்சு, பளபளன்னு ஆக்கினேன். கையெல்லாம் கறை. மருதாணி வச்ச மாதிரி கறுப்பா ஏறிப்போச்சு, சோப்புப் போட்டாலும் போகல. எனக்காகத் தட்டு தூக்க ஆயியா, அப்பனா, அத்தையா, யாரு இருக்கா? நானே மாப்பிள்ளை, நானே மாப்பிள்ளை வீட்டு சனம்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போனேன். நீலப் பாவாடைதான் கட்டியிருந்தா. சோறு வடிச்சிருந்தாம்மா! பொலபொலன்னு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம. "இப்ப மாட்டுக்குப் போடலாமா?"ன்னு கேட்டா. அந்த ஆயிகூடச் சிரிச்சுது. அது சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான். பிர்மேன் நல்ல வைனா எடுத்தான், அண்ணன் சாகுறதுக்கு முன்னால வச்ச பாட்டிலாம். சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிஞ்சுது. எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க.

நான் எழுந்தேன். பையிலேருந்து எடுத்து, அலமாரியில இருந்த பூப்போட்ட தட்டை நானே எடுத்து, அக்ரூட்டை அழகா அடுக்கி, லியோனி முன்னால கொண்டுபோய் வச்சேன். ரெண்டு கையாலயும் வச்சேன், மரியாதையா.

அந்த ஆயி சிலுவை போட்டுக்கிச்சு. பிர்மேன் மூஞ்சி சுண்ணாம்பாயிடுச்சு. நான் என்னென்னமோ பேசணும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், நல்ல பிரஞ்சுல. வாயைத் திறக்க விட்டாத்தானே! அந்த மூஞ்சிங்களைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோச்சு. லியோனி மட்டும் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் எங் கையைப் பார்த்தா, அந்தக் கறையை. ஒரே ஒரு கொட்டையை எடுத்துப் பாவாடைப் பையில போட்டுக்கிட்டு எழுந்து மாடிக்குப் போயிட்டா. டொக்கு டொக்குன்னு சத்தம் மேல போச்சு.

அந்த ஒத்தக் கொட்டை பரிதாபத்துக்கு எடுத்ததுதான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. வான்னு கூப்பிடுறது வேற, வந்து நிக்கிறது வேற. மாடு பூட்ட ஆகும், சோளம் உரிக்க ஆகும், சேத்துல வண்டி தள்ள ஆகும். கறுப்பன் துணிஞ்சு பொண்ணுன்னு கேட்டா மட்டும் ஆகாது. கூப்பிட்டு வச்சு அவமானம் பண்ணிட்டாங்களேன்னு அப்படியே வெளிய வந்துட்டேன்.

மறுநாள் காலையில பிர்மேன் கொட்டிலுக்கு வந்தான். கண்ணெல்லாம் செவந்திருக்கு. "அதுதான் உன் பதிலா?"ன்னான்.

நான் சொன்னேன், "அதுதான்."

"வாயால சொல்லியிருக்கலாமே தெரி. எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமே."

எனக்குக் கோவம் வந்துச்சு. வாயால கெஞ்சணுமாம்ல? "எதுக்குச் சொல்லணும்? உங்க வழக்கப்படிதான் செஞ்சேன். முழு மனசோட வச்சேன்"ன்னேன்.

"முழு மனசோடயா!"ன்னான். அவ்வளவுதான். கீழே காறித் துப்பினான். மார்தேனோட கயித்தை அவுத்தான். அது நகர மாட்டேங்குது, கருப்பனைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது. அவன் அதை அடிச்சு ஓட்டிக்கிட்டுப் போனாம்மா. மாட்டை அடிச்சு அவனை நான் பார்த்ததே இல்ல, குண்டு விழுந்தப்பகூட.

அப்புறம் அந்த வீட்டுல யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? கருப்பன் ஒத்த மாடாப் போச்சு. கொட்டில்ல பூரா இடம் கிடக்கு, அது வலது ஓரமாவே ஒதுங்கி நிக்கும், இடது பக்கத்தை மார்தேனுக்கு விட்டுட்டு. ஏரும் ஓடல, தீனியும் எடுக்கல. வாங்குறதுக்கு வேற யாரும் வரல. கசாப்புக்காரன்தான் வந்தான். அதை ஓட்டிக்கிட்டுப் போனப்பவும் வண்டிப்பாதையில வலது ஓரமாத்தான் போச்சு. அதை நினைச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பனி விழுறதுக்கு முன்னால கஸ்தேலாவை விட்டேன். மர்சேய்க்கு வந்து, கப்பல் ஏறி, ஊரு வந்து, மாமன் பொண்ணைக் கட்டிக்கிட்டேன். நல்லவ. அவளும் போய்ச் சேர்ந்துட்டா. காரைக்கால்ல யாராச்சும் பிரான்சு, பிரான்சுன்னு குதிச்சா நான் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன். எந் தோள்ல அழுதவனே கடைசியில வெள்ளைக்காரனாயிட்டாண்டான்னு. எம் மகன் அங்க வேலைக்குப் போறேன்னு ஒத்தக் காலுல நின்னான், விடலையே! இன்னிவரைக்கும் அவன் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்ல.

நம்ம ஆரோக்கியம் பையன், சமையல்காரன், ரெண்டாஞ் சண்டை முடிஞ்சு அந்தப் பக்கமாப் போனப்ப கஸ்தேலா போய்ப் பார்த்திருக்கான். பிர்மேன் இருக்கானாம், காது கேக்காதாம். லியோனியும் அதே வீட்டுலதான் இருக்காளாம். கல்யாணமே பண்ணிக்கலையாம். எப்படிப் பண்ணுவா? யாரு வந்தாலும் இப்படித்தானே மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க! அவ்வளவு பவுசு.

ஆனாப் பாரும்மா, நான் அப்படிப்பட்டவன் இல்ல. அவங்க எப்படி நடந்துக்கிட்டாலும் நான் மரியாதையை விட மாட்டேன். அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். இந்தா, இந்த முந்திரி டப்பாவை வச்சுக்கோ. மகளுக்குப் புதுச்சேரியில வேற வாங்கிக்கிறேன். வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை கஸ்தேலாவுக்குப் போ. ஒரு தட்டுல கொட்டி, லியோனி முன்னால வை. தெரி கொடுத்து விட்டான்னு சொல்லு. அவனை நீங்க மறந்தாலும் அவன் மறக்கலன்னு சொல்லு. பிர்மேன் அதைப் பார்க்கணும். பார்த்து வெக்கப்படணும்.

ஏம்மா, பிடியேன். கையை ஏன் பின்னால இழுத்துக்கிறே? கனமா? இரு, உன் மடியிலயே வச்சுடுறேன்.

என்ன சொல்றே?

சத்தமாச் சொல்லு. பஸ்ஸுல ஒரே கூச்சல்.

பொண்ணு கொடுக்க இஷ்டமில்லைன்னா கொட்டை வைப்பாங்களா? யாரு சொன்னா உனக்கு? வீட்டுக்காரரா? அவர் உன்னைச் சிரிக்க வைக்க ஏதாச்சும் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரும்மா. ஆம்பளைங்க லீவுல வந்தா அப்படித்தான், வாய்க்கு வந்ததை அளப்பாங்க. அந்தப் பக்கத்துக் கிராமத்துல எல்லாமா? வாயால மாட்டேன்னு சொல்ல மாட்டாங்களா? சாப்பாட்டுக்கு அப்புறம் அக்ரூட் தட்டை வச்சாப் போதுமா? வந்தவன் புரிஞ்சுக்கிட்டு எழுந்து போயிடணுமா? என்ன கூத்தா இருக்கு! நான் அங்க குடியிருந்தவன், எனக்குத் தெரியாதா? அந்த அனத்தோல் வந்தப்ப என் கண்ணால பார்த்தேனே, அந்த ஆயி தட்டை வச்சுது, அவன்...

அவன்...

யோவ் கண்டக்டர்! பஸ்ஸை எடுக்கிறியா இல்லையா? மனுசன் எவ்வளவு நேரந்தான்யா வெயில்ல வேகுறது?

இல்லம்மா. உன்மேல எனக்கென்ன கோவம்? உன்மேல ஒண்ணும் இல்ல.

முழு மனசோடன்னு சொன்னேம்மா பிர்மேன்கிட்ட. அந்தப் பய அழுதுட்டு வந்து நிக்கிறான், அதுதான் உன் பதிலான்னு கேக்குறான். நான் ஆமாங்கிறேன். முழு மனசோட வச்சேங்கிறேன். அவங்க சோறு வடிச்சு வச்சு, நீலப் பாவாடையைத் தோய்ச்சுக் கட்டி, செத்தவன் வச்ச வைனை எடுத்து ஊத்தினாங்க. நான் ஒரு வாரம் பொறுக்கி, தேய்ச்சு, பளபளன்னு ஆக்கி... ரெண்டு கையாலயும் வச்சேனேம்மா.

அவ கேட்டா. உங்க ஊர்ல பொண்ணை எப்படிக் கேப்பாங்கன்னு அவ வாயைத் திறந்து கேட்டா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, பாக்கு வைப்போம்னு சொல்லியிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்? சோளம் உரிச்சேன் நான், சோளம்!

ஆனா ஒண்ணு எடுத்துக்கிட்டாளே? நீ சொல்லு, உனக்குத்தான் அந்த வழக்கம் தெரியுதே. எங் கையைப் பார்த்தா, அந்தக் கறையைப் பார்த்தா, அப்புறம் ஒண்ணு எடுத்துப் பையில போட்டுக்கிட்டா. வேணாம்னு வச்ச கொட்டையை யாராச்சும் எடுத்து வச்சுப்பாங்களா? சொல்லேன். உன் வீட்டுக்காரர் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?

சொல்லலையா. சரி.

பஸ் கிளம்பிடுச்சு. ஜன்னலைச் சாத்திக்கோ, புழுதி.

அந்த டப்பாவை இப்படிக் கொடு. இல்ல, இல்ல, கொடு. முந்திரியும் கொட்டைதானே. வேற என்ன கொடுத்து விடலாம்னு பார்க்கிறேன், எனக்கு ஒண்ணும் தோணல. கருவாடு கொடுக்கலாமா? புடவையா? எதைக் கொடுத்தா அங்க என்ன அர்த்தமோ, யாரு கண்டா? வேணாம்மா. நீ வெறுங்கையோடயே போ. எனக்காக ஒரு தடவை போயிடு. வாசல்ல கட்டைச் செருப்புச் சத்தம் கேக்கும். கதவைத் திறந்து, யார் அனுப்பினான்னு கேப்பா. தெரி அனுப்பினான்னு சொல்லு. இந்தத் தடவை ஒண்ணும் கொடுத்து விடலன்னு சொல்லு.